நாற்பத்து மூன்றாம் பக்கம்

ஜூன் 14, சனிக்கிழமை, காலை ஒன்பது பத்துக்கு, மருத்துவமனையின் கருவிகள் பழுதுபார்க்கும் அறையில் தொலைபேசி மணி அடித்தது.

பேசியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அந்த அறையின் மெக்கானிக் எழுதிய, கண்ணாடி வால்வுகளை வைத்துப் பாட்டுக் கேட்கும் ஆம்ப்ளிஃபயர் செய்யச் சொல்லித்தரும் பாடப்புத்தகத்தைத் தபாலில் வாங்கியவர். ஏழாம் பாடத்தில் சொன்னபடி, வால்வுகளைச் செருகாமல் மின்சாரம் கொடுத்து அளந்திருக்கிறார். பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் காத்திருந்து உள்ளே கை வைத்திருக்கிறார். மின்சாரம் அடித்து நாற்காலியோடு சாய்ந்து விழுந்தாராம். நல்ல வேளையாகக் கீழே மெத்தை கிடந்தது.

"உங்க ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மணி நேரம் சார்?" என்று கேட்டார்.

மெக்கானிக் சிரித்துக்கொண்டேதான் புத்தகத்தைப் புரட்டினார். பெரிய கண்டென்சர் நானூறு வோல்ட்டைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும். அதை வடித்துவிட அதன் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் உண்டு. அதற்குத்தான் அந்த ஒரு நிமிடம். பாடத்தில் எல்லாம் சரியாக இருந்தது. நாற்பத்து மூன்றாம் பக்கத்துப் படத்தில் அந்த ரெசிஸ்டர் இல்லை.

படம் பக்க அகலத்துக்கு அடங்கவில்லை என்று ஓரத்தில் இருந்த ரெசிஸ்டரை அவரேதான் அழித்தார். கீழே இடம் பார்த்து வரைவதாக இருந்தார். வரையவில்லை. அச்சுக்குப் போகும் முன் நான்கு முறை படித்து, பதினேழு ஒற்றெழுத்துகளைத் திருத்தியவர் அவர். வால்வுகள் செருகியிருந்தால் அவையே மின்சாரத்தைக் குடித்துவிடும், தப்பு வெளியே தெரியாது. ஏழாம் பாடத்தன்று மட்டும் வால்வுகள் இருக்காது.

புத்தகம் வெளிவந்து ஐந்து வாரம். வாரம் ஒரு பாடம் என்று முகவுரையில் எழுதியிருந்தார். அவசரப்பட்டவர்கள் இந்நேரம் ஏழாம் பாடத்துக்கு வந்திருப்பார்கள்.

புத்தகம் கேட்டு எழுதியவர்களின் பெயரும் எண்ணும் ஒரு நோட்டில் இருந்தன. அறுபத்து மூன்று பேர். பழுதாகி வந்த மூச்சுக்கருவி ஒன்று மேசையில் திறந்து கிடக்க, அவர் முதல் எண்ணிலிருந்து தொடங்கினார். ஒருவர் இன்னும் உறையையே பிரிக்கவில்லை. ஒருவர் மூன்றாம் பாடத்திலேயே தலை சுற்றி விட்டுவிட்டார். ஒரு மூதாட்டி, வாங்கியது பேரனுக்கு என்றும், அவன் அதை வைத்துத்தான் மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறான் என்றும் சொன்னார். மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பையன் நன்றாக இருக்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னார். எடுக்காத எண்களை மறுபடி மறுபடி அடித்தார். வார்டிலிருந்து ஆள் வந்து மூச்சுக்கருவி என்ன ஆயிற்று என்று கேட்டபோது, கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார்.

ஒன்று இருபதுக்கு அறுபத்து மூன்றாவது ஆள் கிடைத்தார். ஏழாம் பாடத்தை நாளைக்கு வைத்திருந்தாராம். மெக்கானிக் நோட்டை மூடி, அதன் மேலேயே தலையைச் சாய்த்துச் சற்று நேரம் கிடந்தார்.

வீட்டுக்குப் போனதும் மனைவி தட்டு வைத்தாள்.

"தம்பி காலைல வந்தான். உங்ககிட்ட சொல்லச் சொன்னான். இன்னைக்கு ஏழாம் பாடமாம்."

அவளுடைய தம்பி தையற்கடை வைத்திருந்தான். ஊரே அவனை பட்டன் என்றுதான் கூப்பிடும். அச்சகத்திலிருந்து கட்டு வந்த அன்றே முதல் பிரதியை உருவிக்கொண்டு போனவன். "இதுல ஒரு தப்பு கண்டுபிடிச்சா எனக்கு என்ன தருவீங்க அத்தான்?" என்று கேட்டிருந்தான். வீட்டு ஆளை யார் நோட்டில் எழுதுவார்கள்?

மெக்கானிக் கடைக்குத் தொலைபேசி செய்தார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தார்.

"கடை திறந்துதானே இருக்கும்?"

"சாப்பாட்டு நேரத்துலதான் கதவைச் சாத்திட்டு அந்தப் பொட்டியோட உக்காருவான். ஏங்க, என்ன ஆச்சு?"

அவர் செருப்பு போடவில்லை. இரண்டு தெரு. வழியில் நிறுத்திப் பேச வந்த பக்கத்து வீட்டுக்காரரைத் தோளால் தள்ளிவிட்டு ஓடினார். கடிகாரத்தைப் பார்த்தார், பார்த்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது, மறுபடியும் பார்த்தார். அவன் சோம்பேறியாக இருக்கக்கூடாதா, இன்றைக்கு ஒருநாள் சொன்ன பேச்சைக் கேட்காமல் இருக்கக்கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது.

கதவு சும்மா சாத்தியிருந்தது. வெட்டும் மேசையில் ஆம்ப்ளிஃபயர். பிளக் பிடுங்கியிருந்தது. பக்கத்தில் நாற்பத்து மூன்றாம் பக்கம் விரிந்து கிடக்க, அதன் மேல் அலாரம் கடிகாரம். பட்டன் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மின்சாரம் உதறியதில் கை பின்னால் போய், திறந்து கிடந்த கத்தரிக்கோலில் அறைந்திருந்தது. வலது மணிக்கட்டைச் சுற்றி அவன் பிடித்திருந்த சட்டைத்துணி முழுக்கச் சிவந்திருந்தது.

"ஒரு நிமிஷம் இருந்தேன் அத்தான்," என்றான். "கடிகாரம் வச்சுத்தான் இருந்தேன்."

மெக்கானிக் துணியை இறுக்கிக் கட்டினார். தான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கே அவனைக் கொண்டுபோனார்.

நரம்பு அறுந்திருந்தது, தைத்தார்கள். மூன்று மாதம் கழித்தும் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் உணர்வு வரவில்லை. பட்டனின் மனைவி வெட்டும் வேலையைக் கற்றுக்கொண்டாள். மீதமிருந்த முப்பத்தாறு பிரதிகளில் மெக்கானிக் அந்த ரெசிஸ்டரைப் பேனாவால் வரைந்தார். பிறகு யாரும் புத்தகம் கேட்டு எழுதவில்லை.