சனிக்கோளில் ஒரு சிப்பாய்: வாசகர் கருத்துகள்

யானையும் குதிரையுமாக மண்ணிலேயே முட்டி மோதிக்கொண்டிருந்த தமிழரின் ஈராயிரம் ஆண்டுப் போர்மரபை முதன்முதலாக விண்ணுக்கு உயர்த்திய பெருமை 'சனிக்கோளில் ஒரு சிப்பாய்' என்னும் இக்குறுநாவலையே சாரும். நூலின் அணிந்துரை இப்படித்தான் தொடங்குகிறது. அணிந்துரை எழுதியவர் பெயர் முனைவர் விண்ணரசன் என்று போட்டிருக்கும். விண்ணரசன் என்று யாரும் இல்லை. காரைக்கால் தலத்தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் தமிழ்வேந்தன்தான் நூலையும் எழுதி, அதைப் பாராட்டியும் எழுதியவர். போர்மரபை விண்ணுக்கு உயர்த்திய அந்த நூல் மட்டும் எட்டு மாதமாக அவர் வீட்டுப் பின்னறைக் கட்டிலுக்கு அடியிலிருந்து உயரவே இல்லை.

கருத்தே வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆறு பத்திரிகைகளுக்கு அனுப்பியதில் ஒன்று, 'வரப்பெற்றோம்' பகுதியில், மூலநோய்க்குக் கைவைத்தியம் சொல்லும் நூலுக்கும் மாடித்தோட்டம் போடுவது பற்றிய நூலுக்கும் நடுவில் இதன் பெயரையும் விலையையும் வெளியிட்டது. விலையைத் தப்பாகப் போட்டிருந்தது. உள்ளூர் வாசிப்பு வட்டத்தில் ஒரு கூட்டம் நடந்தது. பேச வந்த கல்லூரிப் பேராசிரியர் ரஷ்யாவில் ஆரம்பித்துப் பிரான்சு வழியாக ஜப்பான்வரை போய், காரைக்கால் எல்லைக்கு வந்து சேர்ந்தபோது "நேரமின்மை காரணமாக" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்த்த தமிழாசிரியர் தாளைத் தடவிப் பார்த்து, "நல்ல தாள் சார், பிரஸ்காரர் காதர் பாட்சா ஏமாத்தல" என்றார். மனைவி அல்லியின் கருத்து இன்னும் சுருக்கம்: "எழுத்து பெருசா இருக்குங்க. கண்ணாடி போடாமலே தெரியுது."

தமிழ்வேந்தன் பாராட்டை எதிர்பார்க்கிற ஆள் இல்லை. அதை அவரே எல்லோரிடமும் சொல்வார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்த ஒரே ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். படித்துவிட்டுத் திட்டினாலும் சரி. அதற்காகவே பின்னட்டையில் தன் கைபேசி எண்ணைப் போட்டு, 'கருத்துகளை அஞ்சாமல் தெரிவிக்கலாம்' என்றும் அச்சிட்டிருந்தார். யாரும் அஞ்சியதாகத் தெரியவில்லை, அழைக்கவும் இல்லை. எண்ணில் ஏதும் பிழையோ என்று அல்லியின் பேசியிலிருந்து ஒருமுறை அழைத்துப் பார்த்தார். சரியாகத்தான் அடித்தது.

கதை இதுதான். மனிதகுலத்துக்கும் பெயர் தெரியாத எதிரிக்கும் நடக்கும் போரில் ஒரு சிப்பாயையும் இன்னும் நாலு பேரையும் சனிக்கோளின் நிலவொன்றில் காவலுக்கு நிறுத்திவிட்டுப் போகிறார்கள். கறுப்புக் கவசம், கையில் ஆயுதம், துணைக்குக் 'காக்கை' என்கிற சிறு உளவு விண்கலம். ஆண்டுகள் போகின்றன, மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். மாற்று ஆள் வரவில்லை. போர் முடிந்ததா என்று சொல்லவும் யாரும் இல்லை. தொலைவில் ஒரு வெளிச்சம் தெரிகிறது. அது மீட்க வரும் கப்பலா எதிரியா என்று தெரியாமல் அவன் எழுந்து நிற்கிறான். முற்றும். முடிவை வாசகரிடமே ஒப்படைத்துவிட்டதாகத் தமிழ்வேந்தன் வாசிப்பு வட்டத்தில் விளக்கினார். வாழ்க்கைக்கு முடிவு உண்டா என்று திருப்பியும் கேட்டார். உண்மையில் இன்னும் மூன்று அத்தியாயம் எழுதுவதாகத்தான் இருந்தார். வெளியீட்டு விழாவுக்கு மண்டபமும் சிறப்பு விருந்தினரும் முடிவாகிவிட்டபடியால், அச்சக முதலாளி காதர் பாட்சா, "சார், வெள்ளிக்கிழமை பைண்டிங்குக்குப் போகணும். இருக்குறதோட நிறுத்திக்கலாமே, நல்லாத்தான் இருக்கு" என்றார். அவரும் படித்திருக்கவில்லை.

மகள் அறிவுமதி பிரசவத்துக்கு வரப்போவதால்தான் விஷயம் கிளம்பியது. பின்னறை அவளுக்கு. "புள்ள பொறக்குற எடத்துல கரப்பான் குடும்பம் நடத்துது. ஒண்ணு அத எடுங்க, இல்ல நான் எடைக்குப் போடுறேன்" என்றாள் அல்லி. எடைக்கு என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்வேந்தனுக்கு ஒரு வேளை சாப்பாடு இறங்கவில்லை. காதர் பாட்சாதான் கைகொடுத்தார்.

"நூறு காப்பி என்கிட்ட குடுங்க சார். நமக்குத் தெரிஞ்ச கடை ஒண்ணு இருக்கு. இன்ஷா அல்லா, நகந்துரும்."

எந்தக் கடை என்று தமிழ்வேந்தன் கேட்டிருக்க வேண்டும். விற்பனை போன்ற சில்லறை விஷயங்களில் படைப்பாளி தலையிடுவதில்லை என்பதால் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பேசி அடித்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர். "உங்க புஸ்தகம் வாங்கினேனுங்க" என்றார். தமிழ்வேந்தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அல்லியைப் பார்த்துத் தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். "ஏனுங்க, இதைச் சனிக்கிழமை மட்டும் படிச்சாப் போதுங்களா, தினமும் படிக்கோணுங்களா?" என்று கேட்டார் அவர். அடுத்தவர் சேலம். பெண்கள் தீட்டு நாளில் படிக்கலாமா என்பது அவர் சந்தேகம். மூன்றாவது ஆள் சந்தேகமே இல்லாதவர். புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்த மூன்றாம் நாள் மைத்துனன் வழக்கை வாபஸ் வாங்கிவிட்டானாம். "உள்ள என்ன எழுதிருக்குன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார் தமிழ்வேந்தன். "அதெல்லாம் நமக்கெங்க சார் புரியப்போவுது, பெரியவங்க எழுதுனது" என்றார் அந்த ஆள் மரியாதையாக.

காதர் பாட்சா சொன்ன கடை திருநள்ளாற்றில் இருந்தது. சனீஸ்வரன் கோயிலுக்குப் போகிற வழியில், எள்ளும் எண்ணெயும் விற்கிற கடை. அவருடைய அச்சகத்தில்தான் அந்தக் கடைக்குப் பெயர்ச்சிப் பலன் புத்தகங்கள் அடிப்பது.

தமிழ்வேந்தன் பிறவிப் பகுத்தறிவுவாதி. அவருடைய அப்பா திருமணத்தை ராகுகாலத்தில் வைத்துக்கொண்டவர். சந்திரனுக்கு மனிதன் போய் வந்த பிறகும் சனிக்கு எள் முடிகிறவர்களைப் பற்றி முப்பது வருடம் வகுப்பில் கிண்டல் அடித்தவர் தமிழ்வேந்தன். சனிக்கோளின் வளையம் வெறும் பனிக்கட்டி என்று அவர் சொல்லக் கேட்டு ஊரில் பாதிப்பேர் தேர்வில் எழுதியிருக்கிறார்கள். எழுதிவிட்டுப் பெயர்ச்சிக்கு வரிசையிலும் நின்றார்கள், அது வேறு.

"நாளைக்கே போயி அத்தனையும் எடுத்துட்டு வந்துடுறேன்" என்றார்.

"எங்க வைப்பீங்க?" என்றாள் அல்லி.

"எங்கயாவது வைப்பேன். என் மானம் போவுது அல்லி."

"எட்டு மாசமா ஒருத்தரும் கூப்புடல, கூப்புடலன்னு செல்லையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. இப்ப கூப்புடுறாங்க, மானம் போவுதுங்கறீங்க. ஒங்களுக்கு என்னதாங்க வேணும்?"

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. சொல்ல நேரமின்மை காரணமாக விட்டுவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. கொள்கைக்காகப் போகிறோம் என்பதால் கறுப்புச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். திருநள்ளாற்றில் கறுப்புச் சட்டைக்கு வேறு மரியாதை என்பது தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் உறைத்தது. குளத்தில் முழுகிவிட்டு ஈரத்தோடு வந்துகொண்டிருந்த கூட்டம் அவருக்கு ஒதுங்கி வழிவிட்டது. நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருவர், "ஏழரையா, அஷ்டமமா சாமி?" என்று பரிவோடு விசாரித்தார். "இயற்பியல்" என்றார் தமிழ்வேந்தன். அவர் அதற்கும் பரிவாகத் தலையாட்டினார்.

கடைக்காரர் செல்லக்கண்ணு சின்னப் பிளாஸ்டிக் பைகளில் எள் முடிச்சு, நல்லெண்ணெய்ப் பொட்டலம், கறுப்புத் துணி, புத்தகம் என்று போட்டுக் கட்டி வைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் சேர்த்து ஒரு செட்டு. அட்டையில் கறுப்புக் கவசத்தோடு நின்ற சிப்பாய் எண்ணெய் பட்டு முன்னைவிடப் பளபளப்பாக இருந்தான். தோளுக்குமேல் காக்கை பறந்தது.

"எழுதுனது நீங்களா சார்? வாங்க, வாங்க. உக்காருங்க" என்று முக்காலியைத் துடைத்துப் போட்டார் செல்லக்கண்ணு. "நல்லாப் போவுது சார். அட்டையப் பாத்ததுமே கைய வைக்கிறாங்க. இன்னும் ஒரு பத்து இருந்தா அதிகம்."

"இது சாமி புத்தகம் இல்லங்க. இது அறிவியல் புனைகதை. போர்க்கதை."

"அது தெரியும் சார். மொத பக்கம் பாத்தேன். எதுவா இருந்தா என்ன, கெடுதல் இல்லாம இருந்தா சரி."

மிச்சத்தை எடுத்துக் கட்டுங்கள் என்று சொல்ல வாயெடுத்தபோது பேசி அடித்தது. புதிய எண். எடுத்ததும் ஒரு பெண்குரல், கொஞ்சம் தயங்கி, "புஸ்தகம் எழுதுன அய்யாங்களா?" என்றது. பங்கஜவல்லி என்று பெயர் சொன்னாள். மன்னார்குடிப் பக்கம். போன வாரம் கோயிலுக்கு வந்தபோது வாங்கினாளாம்.

"சனிக்கிழமை மட்டும் படிச்சாப் போதும்மா" என்றார் தமிழ்வேந்தன், சீக்கிரம் முடித்துவிட.

"இல்லங்கய்யா, நான் முழுக்கப் படிச்சுட்டேன். ரெண்டு தடவ."

தமிழ்வேந்தன் செல்லக்கண்ணுவைப் பார்த்தார். பிறகு ஒரு காதைப் பொத்திக்கொண்டு கடையின் ஓரத்துக்கு நகர்ந்தார். இதற்கு முன்னால் எவ்வளவோ பேர் படித்ததாகச் சொல்லி ஏமாற்றியிருக்கிறார்கள்.

"எந்த எடம் பிடிச்சுதும்மா?"

"பிடிச்சுதுன்னு என்னத்தச் சொல்ல. மத்த ஆளுவொ செத்தப்புறமும் அந்தத் தம்பி அவங்க பங்குத் தண்ணியத் தனித்தனியா எடுத்து வைக்கிறானே. அதுக்கு மேல அன்னிக்கு என்னால படிக்க முடியலங்கய்யா. மூடி வச்சுட்டேன்."

அது ஐந்தாம் அத்தியாயம். அவர் கிழித்துக் கிழித்து எழுதிய இடம். பேராசிரியர் வராத இடம், விண்ணரசனே கவனிக்காத இடம்.

"என் மவன் ஆர்மில இருக்கான்" என்றாள் பங்கஜவல்லி. "லடாக்குப் பக்கம் எங்கயோ. எடத்தச் சொல்லக் கூடாதாம். மேல போஸ்ட்டுக்குப் போறேன், டவர் கெடைக்காதும்மான்னு சொல்லிட்டுப் போனான். தீபாவளிக்கு முந்திப் பேசுனது. அதுக்குத்தான் கோயிலுக்கு வந்தேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணுங்கய்யா. கடைசில ஒரு வெளிச்சம் வருதுன்னு போட்டுருக்கீங்க. அதோட நிறுத்திட்டீங்க. அந்தப் புள்ள திரும்பி வந்தானா?"

அவரிடம் இந்தக் கேள்விக்குத் தயாரான பதில் ஒன்று இருந்தது. வாழ்க்கைக்கு முடிவு உண்டா என்று தொடங்கும். வாசிப்பு வட்டத்தில் அதற்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது. அதைச் சொல்ல இரண்டு தடவை வாயைத் திறந்தார்.

"வந்துட்டாம்மா" என்றார்.

"வந்துட்டானா?"

"ஆமா. அந்த வெளிச்சம் நம்ம கப்பல்தான்."

"லீவுலயா, ஒரேயடியாவா?"

"ஒரேயடியா."

"கை கால் ஒண்ணும் ஆவலயே?"

"ஒண்ணும் ஆவல. கொஞ்சம் எளைச்சிருந்தான்."

"பின்ன எளைக்காம? அந்தத் திங்கிறதும் ஒரு திங்கிறதா." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அவன் அம்மா இருந்தாங்களா, பாக்க?"

"இருந்தாங்கம்மா. வாசல்லயே நின்னாங்க. மொதல்ல அடையாளம் தெரியல அவங்களுக்கு. அப்பறம் அவன் கூப்புட்டதும்..." தமிழ்வேந்தன் எள்ளுப் பொட்டலங்களுக்கு நடுவில் நின்றபடி அந்த வாசலையும் அந்த அம்மாவையும் சொல்லிக்கொண்டே போனார். எண்ணெய் வாங்க வந்தவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். ரசம் சாதம் போட்டதுவரை சொன்னார்.

பங்கஜவல்லி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இத்தன நல்லா இருக்கு. இதப் புஸ்தகத்துலயே போட்டுருக்கலாமேங்கய்யா" என்றாள். தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம் என்றும், படிக்காதவள் ஏதோ சொல்கிறேன் என்றும் சொல்லிப் பேசியை வைத்தாள்.

"மிச்சத்த எடுத்துட்டுப் போறீங்களா சார்?" என்று கேட்டார் செல்லக்கண்ணு.

தமிழ்வேந்தன், சிப்பாயின் அம்மாவுக்கு ஒரு பெயர் வைத்திருந்தோமா என்று பார்க்க, ஒரு பையைப் பிரித்துப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். எண்ணெயில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. பங்கஜவல்லி இரண்டு தடவை படித்த பதினோராம் பக்கத்தில் விவரமாகவே இருந்தது. அந்தச் சிப்பாய் ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கப்பட்டவன். அவனுக்கு அம்மா கிடையாது.