தியோனேயின் சிரிப்பை நாடு கடத்திய வருஷம்

சீர்திருத்தம் வந்த வருஷம், ஏதென்ஸ் நகரத்தார் எல்லோருடைய ஞாபகங்களும் குடங்களில் போட்டுக் குலுக்கப்பட்டு மறுபடி பங்கிடப்பட்டன. பழைய நான்கு குலங்கள் ஒழிந்து பத்துப் புதிய குலங்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு கடற்கரை, ஒரு பங்கு நகரம், ஒரு பங்கு மலையடிவாரம். ஆட்களை மட்டும் கலந்துவிட்டு ஞாபகங்களை அப்படியே விட்டால், பாட்டன் காலத்துப் பகை பழைய முகவரியிலேயே குடியிருக்கும் என்று சட்டம் எழுதியவர்கள் சரியாகவே யோசித்திருந்தார்கள். குலுக்கலுக்குப் பிறகு ஒருவரிடம் அவமானம் இருந்தது; அவமானப்படுத்தியவனின் முகம் வேறொருவரிடம் இருந்தது. ஊரில் சண்டை குறைந்தது.

மலையடிவாரத்தில் கரிமூட்டம் போடும் மீகோனுக்கு, நகரத்துப் பங்காக ஓர் அத்திப்பழக்காரியுடன் நடந்த வாக்குவாதமும், கடற்கரைப் பங்காக ஏழு வயதில் நீந்தக் கற்றுக்கொண்ட ஒரு காலைப்பொழுதும் கிடைத்தன. கடலையே பார்த்திராத மனிதர் மாலையானால் கடலுக்காக ஏங்கினார். அதில் அவருக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் அவர் கொடுத்த பங்கோடு, ஆறு வருஷத்துக்கு முன் இறந்துபோன மனைவி தியோனேயின் சிரிப்பும் போய்விட்டது. பெண்களின் பெயர் குடிமக்கள் பட்டியலில் ஏறாது. ஆனால் அவர்களைப் பற்றிய ஞாபகம் ஆண்களின் சொத்து என்பதால் குடத்தில் விழும். அவள் கை, அவள் காய்ச்சிய பருப்புக் கஞ்சி, அவள் கோபம் எல்லாம் மீகோனிடம் பத்திரமாக இருந்தன. ஞாபகத்தில் அவள் சிரிக்கும்போது மட்டும் வாய் திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

பங்கீட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். சிரிப்பு துறைமுகத்தில் வலை பின்னும் ஃபிலோன் பெயரில் இருந்தது. நடந்தே போனார்.

"வாரும் ஓய்," என்றார் ஃபிலோன். "கரி வாசனை முன்னாலேயே வந்து சொல்லிவிட்டது. சிரிப்புக்காகத்தானே?"

"ஆமாம்."

"தரமாட்டேன். உமக்கு அவள் கஞ்சி இருக்கிறது, கோபம் இருக்கிறது. நான் கல்யாணமே ஆகாதவன். எனக்கு அது ஒன்றுதான். அது கிடக்கட்டும், என் நீச்சலை வைத்துக்கொண்டு மலையில் என்ன செய்கிறீர்? பல்லிகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறீரா?"

அந்தக் காலைப்பொழுது ஃபிலோனுடையது. அது போனதிலிருந்து அவர் படகேறுவதில்லை.

ஞாபகங்களை மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. அது பழைய குலங்களைப் பின்வாசல் வழியாக அழைத்துவருவதற்குச் சமம். கற்றுக்கொடுக்கத் தடையில்லை. எனவே கால்கூட நனைக்காத மீகோன் கரையில் நின்று கைகளை வீசிக் காட்ட, ஃபிலோன் ஒரு வாரத்தில் நீந்தினார். பதிலுக்கு அவர் தியோனே மாதிரி சிரித்துக் காட்டினார். கடற்காகம் கத்துவது போலிருந்தது.

"இது இல்லை," என்றார் மீகோன்.

"இல்லைதான். என் தொண்டைக்கு வராது. கடைசியில் ஒரு சின்ன விக்கல் வரும் ஓய், தெரியுமா?"

"எப்படித் தெரியும்? அதுதான் உம்மிடம் இருக்கிறதே."

ஃபிலோன் வலையைக் கீழே வைத்தார். வழி சொன்னதும் அவர்தான். வருஷத்துக்கு ஒரு முறை ஊர் கூடி, உடைந்த பானை ஓடுகளில் பெயர் எழுதிப் போட்டு ஒருவரை நாடு கடத்தும். ஆறாயிரம் ஓடுகள் சேர வேண்டும். போனவர் பத்து வருஷம் கழித்துத் தாம் பிறந்த வீட்டுக்கே திரும்பலாம்.

"சிரிப்பு பிறந்தது உம் வீட்டில்," என்றார் ஃபிலோன்.

"உமக்கு?"

"எனக்கு நீச்சல் வந்துவிட்டது."

எல்லோருக்கும் இப்படி ஏதோ ஒன்று எங்கோ போயிருந்ததால், ஓட்டில் தியோனேயின் சிரிப்பு என்று எழுதச் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. எண்ணி முடித்தபோது ஓர் ஓடு குறைந்தது. ஃபிலோன் இன்னும் போடவில்லை. சந்தை மூலையில் கண்ணை மூடி நின்று, தன்னிடமிருந்த சிரிப்பைக் கடைசியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. விக்கல் வரை கேட்டுவிட்டு வந்து ஓட்டைப் போட்டார்.

பத்து நாள் கெடுவுக்குள் சிரிப்பு ஏஜினா தீவுக்குக் கப்பலேறியது. அதற்குப் பிறகு வசந்தம் வந்தபோதெல்லாம் இருவரும் துறைமுகத்தில் உட்கார்ந்து, இருவருக்குமே ஞாபகமில்லாத அந்தச் சிரிப்பைப் பற்றிப் பேசினார்கள். நல்ல சிரிப்பு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

பதினோராம் வருஷம் அது மலைப்பாதையில் ஏறி வந்து கதவைத் தட்டியது. தீவுப் பேச்சின் சாயல் கொஞ்சம் ஒட்டியிருந்தது. விக்கல் அப்படியே இருந்தது. மீகோன் சுவரில் சாய்ந்து அதை மூன்று முறை கேட்டார். பிறகுதான் அதன் பின்னால் நின்ற சின்னச் சிரிப்பைக் கவனித்தார். தீவில் பிறந்தது. ஆறு வயதிருக்கும்.

மறுநாள் அந்தச் சின்னதைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்.

"அப்பா பேர்?" என்றார் எழுத்தர்.

"சீர்திருத்தத்தோடு அதைக் கேட்கும் வழக்கம் போய், ஊர்ப் பேர்தானே கேட்க வேண்டும்?" என்றார் மீகோன்.

"பழக்க தோஷம். எந்த ஊர்?"

சின்னச் சிரிப்பு துறைமுகம் இருந்த திசையைப் பார்த்தது. எழுத்தர், ஃபிலோன் வீடு என்று எழுதினார். சுவரில் கோடு போட்டு அதன் உயரத்தைக் குறித்துக்கொண்டு, பதினெட்டு வயதானதும் வாக்களிக்க வரச் சொல்லி அனுப்பினார்.