ஆறாங் கிளாஸுக்குப் போகும் வழி

ஆபீசர் பேண்ட் போட்டுக்கொண்டுதான் வருவார் என்று முதலில் வாயைத் திறந்தது கவுஸ் பாஷாதான். அதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த எண்பத்து நாலாம் வருசமே ஏரிக்கொட்டாய்க்கு ஆறாம் வகுப்பு வந்திருக்கும் என்று ஜான் பீ பிறகு பல தடவை நினைத்துக்கொண்டாள். ஆனால் புருசன் அதைச் சொன்னபோது பக்கத்தில் நின்று தலையாட்டியவளும் அவள்தான். அதனால் முழுப் பழியையும் அவர் தலையில் போட முடியவில்லை.

கவுஸ் பாஷா டெய்லர். ஊரில் இருந்த ஒரே தையல் மிஷின் அவருடையது. எதிரே ஒரு ஆள் வந்தால் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் துணியைப் பார்ப்பார். அப்படிப்பட்டவருக்கு, தர்மபுரியிலிருந்து வரும் கல்வி ஆபீசர் கரட்டுப் பாதையில் நடக்கப்போகிறார் என்றதும் வேறு எதுவும் தோன்றவில்லை.

"டெரிகாட் பேண்டா இருக்கும் மாதையா. சூரமுள்ளு ஒரு தடவ புடிச்சிதுன்னா நூலு நூலா உருவிக்கும். அப்புறம் தெச்சாலும் தெரியும்."

மாதையன் பள்ளிக்கூடக் கமிட்டிக்குத் தலைவர். கமிட்டி என்றால் அவர், கவுஸ் பாஷா, பிள்ளை பெற்ற இன்னும் சில பேர். ஏரிக்கொட்டாய் பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு நின்றுவிடும். அதற்குமேல் படிக்க பாப்பாரப்பட்டிக்குப் போக வேண்டும். ரோட்டு வழியாக என்றால் ஊரைச் சுற்றிக்கொண்டு போகும் பஸ். காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று, அதுவும் கூட்டம் இருந்தால் நிற்காது. போன வருசம் ஒரு பெண் பிள்ளை பஸ் கிடைக்காமல் இருட்டிய பிறகு நடந்து வந்து சேர்ந்தது. மறுநாளிலிருந்து அதைப் படிக்க அனுப்பவில்லை. அதன் பிறகுதான் கமிட்டி உருவாகி, உள்ளூரிலேயே ஆறாவது வேண்டும் என்று மனு போட்டது.

ஜான் பீயின் மகள் பரிதாவும் மாதையன் மகள் செல்லியும் அந்த வருசம் அஞ்சாவது முடித்திருந்தார்கள். கவுஸ் பாஷா வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: உள்ளூரில் ஆறாவது வந்தால் பரிதா படிக்கட்டும், வராவிட்டால் மிஷினில் உட்காரட்டும். பரிதா பழைய அஞ்சாவது புத்தகத்தையே முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்துக்கொண்டிருந்தாள்.

நடந்து போகிற தூரத்தில் இன்னொரு பள்ளிக்கூடம் இருந்தால் சர்க்கார் புதிதாகக் கொடுக்காது. கரட்டைக் கடந்து, ஓடையில் இறங்கி ஏறினால் பாப்பாரப்பட்டி பக்கம்தான். ஆனால் அந்தத் தடம் சூரைமுள்ளும் உண்ணிச்செடியும் மூடிக்கிடக்கும். ஆடு மட்டும்தான் நுழையும் என்று மனுவில் எழுதியிருந்தார்கள். அது உண்மைதானா என்று நடந்து பார்க்கத்தான் ஆபீசர் வருகிறார்.

இவ்வளவும் கமிட்டியில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அந்தக் காரியத்தைச் செய்தார்கள். ஊருக்கு ஒரு பெரிய மனிதர் வருகிறார். அவர் நடக்கும் வழியில் முள்ளை அப்படியே விட்டுவைக்க யாருக்கும் கை வரவில்லை.

முந்தின நாள் விடிந்ததிலிருந்து வேலை நடந்தது. ஆண்கள் கொடுவாளோடு கரட்டுக்குள் இறங்கினார்கள். வெட்டிப்போட்ட முள்ளைக் கவைக்கோலால் தள்ளி ஓரம் கட்டினார்கள். பெண்கள் கல் பொறுக்கினார்கள். ஓடையில் கால் நனையாமல் இருக்க மாதையன் தன் கிணற்றுமேட்டில் கிடந்த பனங்கட்டையைக் கொண்டுவந்து குறுக்கே போட்டார். அவருடைய பெண்டாட்டி கோவிந்தம்மாள் ஓடைக்கரையில் சாணி தெளித்துக் கோலமும் போட்டாள்.

"கோலம் எதுக்குக்கா, யாரு வூட்டு வாசலு இது?" என்று ஜான் பீ சிரித்தாள்.

"இருக்கட்டும் பாயம்மா. நம்ம ஊரு எல்ல இங்கதான ஆரம்பிக்குது. நீ அந்த மோர்ப் பானைய நெழல்ல வை மொதல்ல, புளிச்சிக்கப் போவுது."

மறுநாள் ஆபீசர் வந்தார். நடுத்தர வயது, வெள்ளைச் சட்டை. கவுஸ் பாஷா எதிர்பார்த்தது போலவே சாம்பல் நிற டெரிகாட் பேண்ட். ஜீப்பை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, பாப்பாரப்பட்டிப் பக்கமிருந்து கரட்டு வழியாக நடந்தே வந்தார். கவுஸ் பாஷா முன்னால் போய் அழைத்துவந்தார். ஆபீசர் பனங்கட்டையைக் கடந்தார். கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி ஏறினார். வழியில் மோர் வாங்கிக் குடித்தார், நன்றாக இருக்கிறது என்று இன்னொரு டம்ளரும் கேட்டார். கோவிந்தம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பள்ளிக்கூட வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தவர், கொண்டுவந்த மனுவைப் பிரித்தார்.

"மனுவுல ஆடு மட்டும்தான் போகும்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்கய்யா" என்றார் மாதையன்.

"நானே வந்துட்டனே."

இரண்டு பேர் சிரித்தார்கள். ஆபீசர் சிரிக்கவில்லை.

"குத்தம் சொல்லல. உங்க ஆசை புரியுது. ஆனா பாதை நல்லாத்தாங்க இருக்கு. புள்ளைங்க பேசிக்கிட்டே நடந்து போயிடலாம். இதப் பாத்துட்டு நான் எப்படிங்க வேணும்னு எழுதறது?"

அப்போதுதான் ஜான் பீக்கு உறைத்தது. மற்றவர்களுக்கும் அதே நொடியில்தான் உறைத்திருக்க வேண்டும். ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கவுஸ் பாஷா ஆபீசரின் பேண்ட் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் ஒரு நூல்கூடப் பிரிந்திருக்கவில்லை.

பெண்கள் கூட்டத்தில் நின்ற ஜான் பீ ஒரு அடி முன்னால் வைத்தாள். கோவிந்தம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்ன சொல்லப் போற நீ?"

"நாமதான் வெட்டுனோம்னு சொல்றங்க்கா."

"மோரக் குடுத்துட்டு, ஒனக்காவத்தான் பாடுபட்டோம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிக்காட்டுவாங்களா? வந்த மனுசன் என்ன நெனைப்பாரு?"

அதுதான் விசயம். விருந்தாளிக்குச் செய்ததை விருந்தாளியிடமே சொல்லிக்காட்டும் வழக்கம் ஏரிக்கொட்டாயில் கிடையாது. சொந்த மாமனே ஆனாலும் சோற்றைப் போட்டுவிட்டு அரிசி எங்கே வாங்கியது என்று சொல்ல மாட்டார்கள். ஜான் பீயும் அதே ஊரில் பிறந்து அதே ஊரில் வாக்கப்பட்டவள். வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். ஆபீசர் கும்பிட்டுவிட்டு, வந்த வழியே சௌகரியமாக நடந்து போனார்.

கவுஸ் பாஷா வீட்டில் உள்ளே உருது, வாசல் தாண்டினால் தமிழ். ஆனால் ஜான் பீக்குக் கோபம் வந்தால் வீட்டுக்குள்ளும் தமிழ்தான் வரும். அன்றைக்கு அவர் சாப்பிட்டுக் கை கழுவும்வரை பொறுத்திருந்தாள்.

"ஏங்க, அந்தப் பாத நல்லாருக்கா, இல்லையா?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க. நல்லாருக்குதுன்னா நாளைக்கே பரிதாவ அதுல அனுப்பணும். ஆபீசரே நடந்தாரில்ல? இல்ல, அது ரெண்டு மாசத்துல மூடிக்கும், புள்ளைங்க போவ முடியாதுன்னா, அத அந்தாளுகிட்டப் போயி சொல்லணும். ரெண்டுல ஒண்ணுதான. ரெண்டையும் செய்யாம புள்ளைய மிசின்ல ஒக்கார வெப்பேன்னா எப்படிங்க?"

"எப்படிடி போயி சொல்றது. அசிங்கமா இருக்காது?"

"பொண்ணு அஞ்சாவது புஸ்தகத்தையே திலுப்பித் திலுப்பிப் படிக்கறாளே, அது அசிங்கமா இல்லியா ஒங்களுக்கு?"

அவர் மிஷினுக்கு எண்ணெய் போட்டார். போட்ட இடத்திலேயே மறுபடி போட்டார். உள்ளறையில் பரிதா பக்கம் திருப்பும் சத்தம் நின்றுபோயிருந்தது. கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போனபோது கவுஸ் பாஷா மட்டும் பாப்பாரப்பட்டிக்கு நடந்துபோய் தர்மபுரி பஸ் ஏறினார். ராத்திரி வந்தவர் சட்டையைக் கழற்றாமலேயே உட்கார்ந்தார். ஜான் பீ தண்ணி கொடுத்தாள்.

"சொல்லிட்டேன்" என்றார். "ஐயா, நீங்க வர்றீங்கன்னு நாங்கதான் வெட்டிவுட்டோம், கட்டையும் நாங்கதான் போட்டோம்னு. வாய் கூசிப்போச்சி."

"என்ன சொன்னாரு?"

"பேனாவ மூடி வெச்சாரு. அப்புறம், ஏன் பாய், இத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதான்னாரு. வந்த எடத்துல எப்படிங்கய்யா சொல்றதுன்னேன். அவரு தலையில கைய வெச்சிக்கிட்டாரு. ரிப்போர்ட் மேல போயிடுச்சாம். இந்த வருசம் ஆவாது. மறுபடி மனு போடுங்க, மழைக்கு அப்புறம் ஒருநாள் சொல்லாம கொள்ளாம வர்றேன், அன்னைக்கு எப்படி இருக்குதோ அப்படி எழுதறேன்னாரு."

"பரிதாவுக்கு?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நான் அங்க நின்னு, புள்ளைங்களுக்காவன்னு பேசிட்டு வந்துட்டேன். இனிமே அவள வூட்டுல வெச்சா நான் பேசுனது பொய்யாப் போயிடும். போயிட்டு வரட்டும், செல்லிகூட."

ஜூனில் பரிதாவும் செல்லியும் பாப்பாரப்பட்டியில் சேர்ந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் மூன்று பெண் பிள்ளைகள் கிளம்பின. கோலம் போட்ட அந்தப் பாதையில்தான் போனார்கள், வந்தார்கள். ஆடிவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பிறகு மழை பிடித்தது. சூரை வெட்ட வெட்டத் தழையும் ஜாதி. இரண்டு பக்கமிருந்தும் கொடி நீண்டு ஒன்றையொன்று எட்டிப் பிடித்தது. ஊரில் இப்போது புதுச் சிக்கல் வந்தது. ஆபீசர் எந்த நாளிலும் வரலாம். அன்றைக்குப் பாதை சுத்தமாக இருந்தால் போன தடவைக் கதைதான். மாதையன் கமிட்டியைக் கூட்டி, யாரும் கரட்டுப் பக்கம் கொடுவாளை எடுத்துப் போகக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டவர்களின் பிள்ளைகள் தினமும் அந்த முள்ளுக்குள்தான் நுழைந்து போய் வந்தார்கள்.

பரிதாவின் பாவாடையில் ஒருநாள் கிழிசல், மறுநாள் ஒட்டு, அதற்கு மறுநாள் ஒட்டின்மேல் கிழிசல். கவுஸ் பாஷா ராத்திரி ராத்திரி அதைத் தைத்தார். ஒரு சாயந்திரம் பரிதா முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கோடு கோடாக ரத்தம் காய்ந்து வந்து நின்றாள்.

"வலிக்குதா?"

"இல்லம்மா. நோட்டு மட்டும் நனையாம வந்துட்டேன்."

அடுத்த நாள் பள்ளிக்கூடம் லீவு. ஜான் பீ கொடுவாளைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, பரிதாவையும் கூட்டிக்கொண்டு கரட்டுக்குப் போனாள். முதல் கொடியை வெட்டியபோதே பின்னால் குரல் கேட்டது. ஆடு மேய்க்க வந்த கோவிந்தம்மாள்.

"பாயம்மா, கட்டுப்பாடு தெரியுமில்ல?"

"தெரியும்க்கா."

"மறுபடியும் நம்ம கையால நாமளே கெடுத்துக்கணுமா? இன்னும் கொஞ்ச நாளு பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தா ஆறாங் கிளாசு வந்துரும்."

"வருமா?"

"வரும்னுதான சொன்னாரு."

"வரட்டும். அதுவரைக்கும் இவ கை கிழியறதுக்கு யாரு பதில் சொல்றதுக்கா?"

கோவிந்தம்மாள் பரிதாவின் கையைப் பார்த்தாள். செல்லியின் கையும் வீட்டில் அதே மாதிரிதான் இருந்தது. வீட்டில் இருந்தால் அதைப் பற்றிப் பேச வேண்டிவரும் என்றுதான் அவள் ஆட்டை ஓட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்திருந்தாள். இரண்டு பெண்களும் அங்கேயே நின்றார்கள். ஆடுகள் மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொன்றாகத் தலையைத் தாழ்த்திக்கொண்டு சூரைக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் ஒரு கீறல் இல்லாமல் வெளியேறிக்கொண்டிருந்தன.

ஜான் பீ அதையே பார்த்தாள்.

"பரிதா, இங்க வந்து நில்லு. நேரா நில்லு."

மகளின் தலைக்கு மேல் ஒரு சாண் வைத்து, அந்த மட்டத்தில் கொடியில் கையை வைத்துக் காட்டினாள்.

"இதுக்குக் கீழ மட்டும் வெட்டுவோம்க்கா. மேல இருக்கறது அப்படியே இருக்கட்டும். புள்ளைங்க நிமிந்து போவும். பெரியவங்க போவ முடியாது."

கோவிந்தம்மாளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆபீசரு வந்தா?"

"குனிஞ்சிதான் வரணும். பேண்டுக்கு ஒண்ணும் ஆவாது, சட்டதான் கிழியும். அத வூட்டுக்காரரு தெச்சிக் குடுப்பாரு."

"அப்ப நாம ஏமாத்தறமா?"

ஜான் பீ யோசித்தாள். முள்ளை வெட்டாமல் விட்டுவைக்கும் கட்டுப்பாடு போட்ட அன்றே அவள் இதைத் தன்னிடம் கேட்டிருந்தாள்.

"தெரியலக்கா. போன தடவதான் ஏமாத்திட்டமோன்னு இருக்குது. இல்லாதத இருக்கற மாதிரி காட்டுனோம். இந்த தடவ அவரு எதப் பாத்தாலும் அது புள்ளைங்க தெனமும் போற வழிதான்."

கோவிந்தம்மாள் கையிலிருந்த துரட்டியால் வெட்டிய முள்ளை இழுத்துப் போட ஆரம்பித்தாள். மதியத்துக்குள் ஓடைவரைக்கும் வந்துவிட்டார்கள். சூரைக்கு நடுவே குகை மாதிரி ஒரு வழி. மேலே முள்ளும், முள்ளுக்கு மேலே வானமும். பரிதா அதில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கையை வீசிக்கொண்டு நடந்து பார்த்தாள். ஜான் பீ கூப்பிடப் போனவள், உள்ளே நிமிர்ந்து நுழைய முடியாமல் முகப்பிலேயே குனிந்து நின்றாள்.

"பாயம்மா" என்றாள் கோவிந்தம்மாள், தன் மகள் செல்லியைப் போலவே வளர்ந்துகொண்டிருக்கும் பரிதாவைப் பார்த்தபடி. "இவ இந்த ஒரு சாண் வளர எத்தன நாளு ஆவும்?"

"அதுக்குள்ள அவரு வரணும்க்கா. வரலன்னா இன்னொரு சாண் வெட்டுவோம்."