ரெண்டு இஞ்ச் உயரம்

"அவன உள்ள விடாதீங்க!" என்று மீனம்மா வாசலைப் பார்த்துக் கத்தியபோது, மங்களம் கிடத்தியிருந்த கணவனின் கண்ணில் உதிர்ந்த திருநீற்றைச் சேலைத் தலைப்பால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

கேட்டுக்கு வெளியே மங்களத்தின் தம்பி, வண்டி வேலை செய்கிற ஹரிதாஸ், நின்றான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே பிறந்த வீட்டுக் கோடி. பிணத்தை எடுப்பதற்கு முன் அந்தச் சேலையை அவன்தான் அக்காவின் தோளில் போர்த்த வேண்டும். அப்பா அம்மா இல்லை. வேறு ஆள் கிடையாது.

"கொன்னவன் கையாலயே கோடியா? நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டியில கண்ட கட்டையெல்லாம் சொருவி, என் தம்பிய அனுப்பிட்டானே பாவி!"

மீனம்மா இறந்துபோன காந்தனுக்கு அக்கா. அவள் பேசினால் எதிர்த்துப் பேச அந்தக் குடும்பத்தில் ஆள் இல்லை. ஹரிதாஸ் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். நசுங்கிக் கிடந்த பிக்கப்பின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்த ஆள், "கட்டை நழுவியிருக்கு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அதைக் கேட்டதிலிருந்து ஹரிதாஸ் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

காற்றில் தலைக்கு மேலே கெமாக் கூடாரம் படபடத்தது. அதுவும் காந்தனுடையதுதான். பாயா ரும்புட் பக்கம் கல்யாணமோ சாவோ, கூடாரம் போடுவது அவர் தொழில். அதன் இரும்புக் கால்களை ஏற்றினால் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கிப்போகும். முன்விளக்கு எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். தினமும் யாராவது ஹார்ன் அடித்துத் திட்டுவார்கள்.

"ரெண்டு இஞ்ச் தூக்கினா போதும் மச்சான்" என்று போன வாரம் இதே இடத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு காந்தன் சொன்னார். மங்களம் இருவருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"லோடு ஏத்துற வண்டிக்கு ஸ்பிரிங்குல ஒரு பட்டை சேக்குறதுதான் மாமா நல்லது. வெயிட்டு தாங்கும்" என்றான் ஹரிதாஸ்.

"லோடு இல்லாம ஓட்டினா?"

"கல்லு மாரி தூக்கிப் போடும்."

"என் இடுப்பு ஏற்கனவே போயிருச்சு. வேற சொல்லுலா."

"இந்த ஷேக்கலுல ஸ்பிரிங்கு தொங்குது பாருங்க, இத நீளமாப் போடலாம். ஆனா ரோட்டுல வண்டி அலையும்."

"வேணாம்பா. உங்கக்கா வழியெல்லாம் வாந்தி எடுப்பா."

மங்களமும் சிரித்தாள்.

"அப்ப கட்டைதான். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல இரும்புக் கட்டை வச்சு, நீள போல்ட்டு போட்டு இறுக்கிரலாம். அமுங்குறது அமுங்கும், ஆனா ரெண்டு இஞ்ச் மேலயே நிக்கும். ஒன்னு மாமா, புது போல்ட்டு லோடு ஏறினா கொஞ்சம் தளரும். ரெண்டு நாளு ஓடினதும் திரும்ப டைட் பண்ணியே ஆவணும். மறந்துராதீங்க, கட்டை வெளிய வந்துரும்."

"சரிலா, கவர்மெண்டு ஜே.கே.ஆர். இஞ்சினியரு" என்றார் காந்தன்.

வியாழக்கிழமை வேலை முடிந்தது. வெள்ளிக்கிழமை முனீஸ்வரன் கோயிலில் பூசை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். சனிக்கிழமை சாயங்காலம், அலோர் காஜாவுக்கு நாலு நடை அடித்துவிட்டு வந்த காந்தன், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் பாயை விரித்தார்.

"எழுந்திருங்க" என்றாள் மங்களம். "பூசை போட்ட வண்டியில மூணு நாளைக்கு இரும்பு வைக்கக்கூடாது. எங்கப்பா லோரியக்கூட தொடமாட்டாரு. திங்கக்கிழமை பண்ணிக்கலாம்."

"உங்க முனிக்கு ஸ்பேனர் ஆகாதா?" என்று சிரித்தபடி அவர் பாயைச் சுருட்டினார். களைப்பும் இருந்தது. குளிக்கப் போய்விட்டார்.

அப்போதுதான் போன் அடித்தது.

"அக்கா, மாமா டைட் பண்ணிட்டாரா? அப்பா மாரி மூணு நாளு கணக்கு சொல்லி நிறுத்திரலயே நீ?"

"பண்ணிட்டாருடா" என்றாள். உண்மையைச் சொன்னால் உடனே கிளம்பி வந்துவிடுவான், சண்டை போடுவான். அதற்குப் பயந்துதான் அப்படிச் சொன்னாள்.

மறுநாள் காலையில் தஞ்சோங் கிளிங்கில் கல்யாணம். லோடு ஏற்றி வண்டியை ரிவர்ஸ் எடுத்தபோது பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மங்களம் குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்தாள். முனையில் திரும்பும்போது இன்னொரு தரம் 'டக்'. நாளைக்குத் திங்கட்கிழமைதானே என்று குழாயைத் திறந்தாள்.

திங்கட்கிழமை அவர் பிணவறையில் கிடந்தார்.

"நேரமாச்சும்மா, கோடி போடணும்" என்றார் சாங்கியம் செய்கிறவர்.

"நான் ஒரு சேல வச்சிருக்கேன். வேற யாராச்சும் போர்த்தட்டும்" என்றாள் மீனம்மா.

ஹரிதாஸ் அதைக் கேட்டான். கையிலிருந்த பையை வாசல் கேட்டின் கம்பியில் மாட்டினான். திரும்பி ரோட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினான்.

மங்களம் எழுந்தாள். தாங்கிக்கொள்ள மீனம்மா அவள் தோளைப் பிடித்தாள்.

"அண்ணி. அவன் டைட் பண்ணச் சொன்னான்."

"என்ன சொல்ற?"

"உங்க தம்பி பாய விரிச்சிட்டாரு. நான்தான் பூசை போட்ட வண்டி, வேணாம்னேன். இவன் போன் பண்ணிக் கேட்டான். பண்ணிட்டாருன்னு பொய் சொன்னேன்."

மங்களத்தின் தோளில் இருந்த மீனம்மாவின் கை மெல்ல விலகியது. காந்தனின் வேலையாட்கள் இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள்.

ஹரிதாஸ் நின்ற இடத்திலிருந்து அக்காவையே பார்த்தான். பிறகு திரும்பி வந்து, பையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். யாரும் தடுக்கவில்லை.

சேலையை வெளியே எடுத்தான். மடிப்புக் கலையாமல் இருக்கக் கடையில் குத்திய குண்டூசிகள் அதில் அப்படியே இருந்தன. அக்காவைக் குத்திவிடாதபடி ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டான். யாரும் அவசரப்படுத்தவில்லை. மங்களம் தலையைக் குனிந்துகொண்டு அவன் முன்னால் நின்றாள்.

சேலையில் இன்னும் இரண்டு ஊசிகள் இருந்தன.