இந்தத் தளத்திற்கு ஆதரவு இல்லை

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினியில் ஏதோ ஒரு மென்பொருளை நிறுவப் போனேன். "இந்தத் தளத்திற்கு ஆதரவு இல்லை" என்று தமிழில் ஒரு பெட்டி வந்து நின்றது. நான் அண்ணாந்து பார்த்தேன். தஞ்சாவூர்ப் பக்கம் வீடு கட்டியவன் எவனும் அண்ணாந்துதான் பார்ப்பான். எங்களுக்குத் தளம் என்றால் தலைக்கு மேலே கம்பி கட்டி ஊற்றிய கான்கிரீட். அதற்கு வேறு பொருள் இருப்பதாக எந்தக் கொத்தனாரும் எங்களிடம் சொன்னதில்லை.

2

முதல் தொடக்கம்: "காவிரியில் தண்ணீர் வந்த அன்று விண்ணரசி…" வேண்டாம். டெல்டா என்றதும் கை தானாகத் தண்ணீரைத் திறந்துவிடுகிறது.

இரண்டாவது: "உலகமயமாக்கல் என்பது…" இதைப் படித்தால் நானே எழுந்து போய்விடுவேன்.

மூன்றாவது: விண்ணரசி பட்டுக்கோட்டையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து அரிசி ஆலைகளுக்கு மென்பொருள் எழுதினாள். வருடம் இரண்டாயிரத்துப் பத்து. கூடப் படித்தவர்கள் பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். துபாயிலிருந்த அண்ணன் ரெமிஜியஸ் அவளுக்கும் அங்கே ஒரு வேலை பார்த்து வைத்திருந்தான். திருத்துறைப்பூண்டி இராஜாங்கத்தின் ஆலையில் அவள் மென்பொருள் ஓடிவிட்டால் இங்கேயே இருக்கலாம், ஓடாவிட்டால் விமானம் ஏற வேண்டும். வீட்டில் அப்படித்தான் பேச்சு.

(ஏன் போக இஷ்டமில்லை என்று கேட்காதீர்கள். ஊர்ப்பாசம் என்று எழுதி அழித்தேன். அவளுக்கு இன்னொருவருக்குக் கீழே வேலை பார்க்கப் பிடிக்காது, அவ்வளவுதான்.)

3

மென்பொருளைக் கணினியில் கொண்டுபோய் உட்கார வைக்க ஒரு நிறுவி செய்ய வேண்டும். அது எந்த வகைக் கணினிக்கு, முப்பத்திரண்டு பிட்டா அறுபத்து நான்கா என்று ஓர் இடத்தில் குறிக்க வேண்டும். அந்த இடத்துக்கு பிளாட்ஃபார்ம் என்று பெயர். அண்ணன் அனுப்பிய புதுக் கணினி அறுபத்து நான்கு. விண்ணரசி அதையே குறித்தாள். ஆலையில் இருந்ததோ பழையது, முப்பத்திரண்டு.

[அடிக்குறிப்பு: திரையில் தோன்றும் செய்திகள் நல்ல தமிழில் வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அகராதியைப் பார்த்தாள். பிளாட்ஃபார்ம் என்றால் தளம். அகராதிக்காரர் மேல் குற்றமில்லை, அவர் வாடகை வீட்டில் இருந்திருப்பார்.]

சி.டி.யை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டாள். ஆலைக் கணக்குப்பிள்ளை மருதையன் அதைப் போட்டார். வந்த பெட்டியை முதலாளிக்கு வாய்விட்டுப் படித்தார்.

"இந்தத் தளத்திற்கு ஆதரவு இல்லை. தொடர முடியாது."

இராஜாங்கத்துக்கு வேர்த்துவிட்டது. அந்த ஆபீஸ் அறைக்குப் போன தை மாதம்தான் தளம் போட்டார். தளம் இறுகும்வரை கீழே முட்டுக் கொடுத்து நிற்க வேண்டிய சவுக்குக் கழிகளை, மூட்டை அடுக்க இடமில்லை என்று முன்னதாகவே பிரிக்கச் சொன்னவரும் அவர்தான். கொத்தனார் வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை.

"இது எப்படிய்யா அதுக்குத் தெரிஞ்சுது?"

"கம்ப்யூட்டருங்க முதலாளி," என்றார் மருதையன்.

மத்தியானத்துக்குள் கழிகள் வந்து இறங்கின. முட்டுக் கொடுத்துவிட்டு சி.டி.யைப் போட்டார்கள். அதே பெட்டி. இன்னும் கொஞ்சம் முட்டு. அதே பெட்டி. இப்போது மருதையன் பக்கவாட்டில் நுழைந்துதான் தன் நாற்காலிக்குப் போக முடிந்தது.

4

இந்த இடத்தில் இராஜாங்கத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆலை நடத்துகிற மனுஷன் இவ்வளவு வெகுளியாக… ஆனால் நானும் அண்ணாந்து பார்த்தவன்தானே. விட்டுவிட்டேன்.

அவர் விண்ணரசிக்குப் போன் செய்தார். ஆலை இரைச்சலில் பாதிதான் அவள் காதில் விழுந்தது.

"பாப்பா, எவ்வளவு முட்டுக் குடுத்தும் ஏத்துக்க மாட்டேங்குது."

"தளத்தை மாத்தணுங்க சார்."

"இடிச்சிட்டா?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். நான் இங்கேருந்தே மாத்திடுறேன்."

இராஜாங்கம் அண்ணாந்து தளத்தைப் பார்த்தார். விண்ணரசியே மறுபடி கேட்டாள்.

"உங்க தளம் முப்பத்திரெண்டா, அறுபத்து நாலா? அதை மட்டும் சொல்லுங்க."

"முப்பத்திரெண்டும்மா. அது நீளம். அகலம் பதினெட்டு."

நீளமும் அகலமும் காதில் விழுமுன் அவள் போனை வைத்துவிட்டாள். பிளாட்ஃபார்மை மாற்றி, நிறுவியை மறுபடி செய்து, பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். மறுநாள் ஆலையில் வேறு பெட்டி வந்தது: "தளம் சரிபார்க்கப்பட்டது. நன்றி." இராஜாங்கம் கையெடுத்துக் கும்பிட்டார். மென்பொருள் ஓடியது.

5

அந்த வாரமே ஒரத்தநாட்டிலிருந்து ஒருவர் அவளைக் கூப்பிட்டார். "மவன் சிங்கப்பூர்லேருந்து பணம் அனுப்பி மாடி கட்டுறோங்க. இராஜாங்கம் சொன்னாரு. தளம் பார்க்குற சி.டி. எங்களுக்கும் ஒண்ணு வேணும்."

விண்ணரசிக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு இராஜாங்கம் போனில் சொன்ன முட்டுகள் நினைவுக்கு வந்து சிரிப்பு நின்றுவிட்டது.

முடிவு அ: உண்மையைச் சொல்கிறாள், இராஜாங்கமும் சேர்ந்து சிரிக்கிறார். நடக்காது. ஊரே தன்னைப் பார்த்துச் சிரிக்கும்போது எந்த முதலாளியும் சிரிக்க மாட்டார். மென்பொருள் வெளியே போகும், அவள் துபாய்க்குப் போவாள்.

முடிவு ஆ: வாயை மூடிக்கொண்டு தளம் பார்க்கும் சி.டி. விற்கிறாள். எழுதக் கை கூசுகிறது.

முடிவு இ: தளம் இடிந்து வி…

இல்லை. கீழே ஆள் இருக்கிறார்.

6

இப்போது போன் அடிக்கிறது. இராஜாங்கம்தான்.

"பாப்பா, மருதையன் போக வர இடிச்சிக்கிறாரு. தளம் சரின்னுதான் உன் சி.டி. சொல்லிடுச்சே, முட்டெல்லாம் பிரிச்சிடவா? ஆளு வந்து நிக்குது."

பிரிக்காதீங்க என்று அவள் சொல்லிவிடுவாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. "அப்ப சி.டி. சொன்னது பொய்யா?" என்று அவர் அடுத்துக் கேட்பார். அதற்கு அவள் என்ன சொல்வாள் என்று எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. போனை உங்கள் கையில் கொடுக்கிறேன். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். மருதையன் உள்ளே உட்கார்ந்து நெல் வரவு ஏற்றிக்கொண்டிருக்கிறார்.