சுண்ணாம்பு அடிக்கிற ஆக்கள்

பதினாலாம் பக்கத்தில் அந்த வசனம் இருந்தது.

"ஹென்றி வைட்மோரின் நினைவை உள்ளூர் மக்கள் இன்றும் போற்றுகிறார்கள். அவருடைய விசுவாசமான வேலைக்காரர்களின் வழிவந்தவர்கள் ஆண்டுதோறும் அவரது கல்லறைக்கு வெள்ளையடித்து மெழுகுதிரி ஏற்றுகிறார்கள்."

ஜெனோஜா அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழும்பி ஜன்னலடிக்குப் போய் நின்றாள். கீழே ஹோல்போர்ன் தெருவில் மழைக்குள் சனம் குடையோடு ஓடிக்கொண்டிருந்தது. விசுவாசமாம். நாயைச் சொல்லுகிற சொல்.

அவள் வேலை செய்தது, வெள்ளைக்காரருக்கு அவர்களுடைய பூட்டன் யார், பூட்டனுக்குப் பூட்டன் யார் என்று தேடி, அழகான அட்டை போட்டுப் புத்தகமாக்கிக் கொடுக்கிற ஒரு கம்பனியில். அவளுடைய சொந்தக் குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் அவள்தான். அம்மா இதே மாதிரி ஒரு கந்தோரைக் கூட்டித் துடைத்துத்தான் அவளைச் சரித்திரம் படிக்க வைத்தார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "வாயைக் கொஞ்சம் அடக்கு, நிரந்தரமாகும் வரைக்குமாவது" என்று அம்மா ஒவ்வொரு நாள் காலையும் சொல்லித்தான் அனுப்புவார்.

தமிழ் தெரிந்தவள் என்பதால்தான் வைட்மோர் குடும்பப் புத்தகத்துக்கான கோப்பு அவளுடைய மேசைக்கு வந்தது. ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து மன்னார்க் கரையைப் பிடித்த கையோடு, முத்துக்குளிப்பை மேற்பார்க்க வந்து இறங்கியவர் ஹென்றி. திரும்பிப் போகவேயில்லை. குடும்ப மரத்தில் அவருடைய கிளை வெட்டிவிட்டது போல நின்றது: மணமாகாதவர், பிள்ளைகள் இல்லை. இப்போது கென்ட்டில் இருக்கிற ஜைல்ஸ் வைட்மோர் என்பவருக்கு ஓர் ஆசை. ஹென்றியை "வீட்டுக்குக் கொண்டுவர" வேண்டும். கல்லையும், கல்லுக்குக் கீழே கிடப்பதையும் கிளப்பிக் கொண்டுவந்து தங்கள் ஊர்த் தேவாலயத்தில் வைக்க வேண்டும். மன்னாரில் இருந்த பங்குச் சுவாமி ஒரே பதில்தான் எழுதியிருந்தார்: அந்தக் கல்லறையைப் பார்க்கிற குடும்பத்தைக் கேளுங்கள். அந்தக் குடும்பத்தில் இப்போது மூத்தவர் இதே நகரத்தில், நோர்பரியில் இருக்கிற சவிரிமுத்து. அவரிடம் ஒரு சம்மதக் கையெழுத்து வாங்குவது ஜெனோஜாவின் வேலை.

கோப்பில் ஒரு படம் இருந்தது. மன்னார்ச் சேமக்காலையில், வரிசையான கல்லறைகளுக்கு நடுவே, புதுச் சுண்ணாம்பு அடித்த கல்லறை, உருகி வழிந்த மெழுகுதிரிகள். மரித்தோர் திருநாளுக்கு முந்தின கிழமை சேமக்காலைக்கு வாளியும் தூரிகையும் தூக்கிக்கொண்டு யார் போவார்கள்? தன் ஆட்கள் புதைந்த இடத்துக்குச் சொந்தக்காரர் போவார்கள். பக்கத்துக் கல்லறை பாசி பிடித்துக் கறுத்துக் கிடந்தாலும் அதில் தூரிகை வைத்தால், எங்கள் கல்லறையில் உனக்கென்ன வேலை என்று சண்டை வரும். இது அவளுக்கு யாரும் படிப்பித்த விஷயமில்லை. மன்னாரில் பிறந்தவரின் மகளுக்கு ஒருவர் சொல்ல வேண்டுமா?

அவள் மேலாளர் கிளேரிடம் போனாள்.

"வேலைக்காரர் என்று யார் சொன்னது?"

"வைட்மோர் குடும்பத்தில் அப்படித்தான் சொல்லிவருகிறார்கள்."

"இந்த மனுசன் ஆங்கிலிக்கன். கத்தோலிக்கச் சேமக்காலைக்குள் எப்படிப் போனார்?"

"வேறு இடம் இருந்திருக்காது."

"கடற்கரை முழுக்க இடம், கிளேர்."

கிளேர் சிரித்தாள். நல்லவள்தான், ஆனால் வாடிக்கையாளர் என்ற சொல்லுக்கு முன்னால் முழங்காலில் நிற்பவள். "ஜெனோஜா, நமக்கு வேண்டியது கையெழுத்து. அதை மட்டும் வாங்கி வா."

ஞாயிறு பூசை முடிந்த கையோடு அவள் நோர்பரிக்குப் போனாள். சவிரிமுத்து சேர்ட்டைக்கூட மாற்றாமல் காத்திருந்தார். சந்தோசம் முகத்தில் வழிந்தது.

"வெள்ளைக்காரன் எங்களைத் தேடி வாறான் எண்டால் சும்மாவோ? கையெழுத்து எங்க போடவேணும் பிள்ளை?"

"என்னத்துக்கு எண்டு வாசிச்சனீங்களோ மாமா?"

"துரையைக் கொண்டுபோகப் போயினம். அவையின்ர ஆள்தானே, கொண்டுபோகட்டும். எங்கட பழைய ஆக்கள் அவரிட்டக் குசினியில சமைச்சுக் குடுத்தவையாம். நல்ல மனுசனாம்."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும் சொல்லுறதுதான்."

அவருடைய மனைவி இம்மாகுலேற் தேத்தண்ணியும் றோல்ஸும் கொண்டுவந்தார். தட்டை வைக்கப் போனவர் பாதியில் நிமிர்ந்தார்.

"அதுசரி, கல்லை மட்டும் கொண்டுபோறதோ, உள்ளுக்கையும் கிண்டுவினமோ?"

"உள்ளுக்கையும்தான் மாமி."

"அப்ப மாமியை என்ன செய்யிறது?"

"எந்த மாமி?"

"இவரின்ர அம்மா. அதுக்குள்ளதானே வச்சனாங்கள்."

சவிரிமுத்து கண்ணாடியைக் கழற்றினார். "ஓம், அம்மா அங்கதான். அப்பப்பாவும் அங்கதான். அவருக்கு முந்தினவையும் அங்கதான்."

"ஏன் மாமா அங்க வச்சவை?"

"இதென்ன கேள்வி? எங்கட கல்லறை அதுதானே. வேற எங்க வைக்கிறது?"

ஜெனோஜா தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "மாமா, இவ்வளவு காலமா இஞ்ச வேலை செய்யிறியள். உங்கட முதலாளி செத்தால், அவரின்ர குழிக்குள்ள உங்கட அம்மாவை வைக்க விடுவினமோ?"

"அவன் இவருக்குக் கார் பார்க்கிலயே இடம் விடான்" என்றார் இம்மாகுலேற்.

சவிரிமுத்து ஜெனோஜா கொண்டுவந்த கல்லறைப் படத்தை எடுத்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வருசா வருசம் ஊரில் இருக்கிற அவருடைய தம்பி சுண்ணாம்பு அடித்து வட்ஸ்அப்பில் அனுப்புகிற அதே படம்தான்.

"வேலைக்காரரை ஒருத்தரும் துரையோட சேர்த்துப் புதைக்காயினம்" என்றார் கடைசியில்.

"இல்லை மாமா. பெண்சாதியையும் பிள்ளையளையும்தான் வைப்பினம். உங்கட பழைய ஆக்களில ஒருத்திதான் ஹென்றியின்ர பெண்சாதி. அப்பிடிச் சொல்ல வைட்மோர் ஆக்களுக்கு வெக்கம். வேலைக்காரி எண்டு எழுதிப்போட்டினம். நாங்களும் அதையே பெருமையாச் சொல்லிக்கொண்டு திரியிறம்."

சொன்ன பிறகுதான் கடைசி வசனம் அந்த மனுசனுக்கு எப்படிச் சுட்டிருக்கும் என்று அவளுக்கு உறைத்தது. ஆனால் எடுத்து விழுங்க மனம் வரவில்லை. சவிரிமுத்து பேனையை மூடிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"நான் உங்கட கந்தோருக்கு வாறன். அந்த ஆளையும் வரச்சொல்லு."

செவ்வாய்க்கிழமை அவர் கலியாண வீட்டுக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். ஜைல்ஸ் வைட்மோர் எழும்பி அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்தார். மரியாதையான மனுசன். குரலில்கூட ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் ஜெனோஜாவுக்கு இன்னும் கூடப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கள் குடும்பம் இத்தனை தலைமுறையாகச் செய்துவரும் சேவைக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்" என்றார்.

சவிரிமுத்துவுக்கு ஆங்கிலம் விளங்கும். இருந்தும் ஜெனோஜாவைப் பார்த்துத் தமிழில்தான் சொன்னார். "கையெழுத்துப் போட இங்கிலீஷ் போதும். கோவப்பட எனக்குத் தமிழ்தான் வரும். நீ ஒரு சொல்லும் விடாமல் சொல்லு. என்ர வீட்டுக் கல்லறைக்கு நான் வெள்ளையடிக்கிறது இவருக்குச் செய்யிற சேவையோ எண்டு கேள்."

அவள் கேட்டாள். கிளேர் மேசைக்குக் கீழே அவளுடைய முழங்கையைத் தொட்டாள். ஜெனோஜா கையை எடுத்து மேசைக்கு மேலே வைத்துக்கொண்டாள்.

"அந்தக் குழிக்குள்ள என்ர அம்மா கிடக்கிறா. அப்பப்பா கிடக்கிறார். திறந்தால் எந்த எலும்பு இவரின்ர ஹென்றி, எந்த எலும்பு என்ர அம்மா எண்டு பிரிச்சுக் காட்டுவாரோ? ஒருவேளை அம்மாவையும் சேர்த்துக் கென்ட்டுக்குக் கொண்டுவந்து வச்சு வைட்மோர் எண்டு பேர் வெட்டுவினமோ?"

ஜைல்ஸின் முகம் மெல்லச் சிவந்தது. அவர் விஷயத்தைப் பிடித்துவிட்டார், மோடனில்லை. "இது ஊகம். ஆதாரம் வேண்டும். உமிழ்நீர்ப் பரிசோதனை ஒன்று செய்தால்..."

"என்னவாம்?"

"குழாய்க்குள்ள துப்பட்டாம் மாமா."

"துப்பச் சொன்னால் துப்புறன். குழாய்க்குள்ள எண்டு மட்டும் சொல்லாதே."

இதையும் அவள் ஒரு சொல் விடாமல் சொன்னாள். கிளேர் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு ஜைல்ஸ் தணிந்த குரலில் கேட்டார். "அப்படியென்றால், அந்தப் பெண்... அவள் பெயர் என்ன?"

அந்தக் கேள்விக்கு மட்டும் சவிரிமுத்து நேரே அவரைப் பார்த்து ஆங்கிலத்தில் பதில் சொன்னார்.

"எங்களுக்குத் தெரியாது, சேர். கல்லில் உங்கள் ஆளின் பெயரை மட்டும்தானே வெட்டியிருக்கிறது."

சம்மதத் தாள் வெறுமையாகவே மேசையில் கிடந்தது. சவிரிமுத்து எழும்பிக் கோட்டுப் பட்டனைப் பூட்டினார். ஜெனோஜா லிப்ட் வரைக்கும் கூடப் போனாள்.

"வேலை போகுமோ பிள்ளை?"

"போகலாம் மாமா."

"மரித்தோர் நாளுக்கு நான் ஊருக்குப் போறன். அவரையும் வரச்சொல்லு. ஹென்றி அவரின்ர ஆளும்தானே. வந்து ஒரு பக்கம் சுண்ணாம்பு அடிக்கட்டும்."

அவள் திரும்பி வந்தபோது கிளேர் தனியாக இருந்தாள். "திங்கட்கிழமை நாங்கள் பேச வேண்டும்" என்றாள்.

"பேசலாம்."

ஜெனோஜா தன் மேசைக்குப் போய்க் கணினியில் கோப்பைத் திறந்தாள். பதினாலாம் பக்கத்து வசனத்தை அழித்தாள். குடும்ப மரத்தில் "மணமாகாதவர், பிள்ளைகள் இல்லை" என்பதை அழித்தாள். ஹென்றிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி போட்டாள். அதற்குக் கீழே ஒரு கோடு கீறி, தெரியாத தலைமுறைகளுக்கெல்லாம் வெறும் பெட்டிகளாகவே விட்டு, கடைசியில் சவிரிமுத்து, நோர்பரி என்று எழுதினாள்.

கிளேர் பின்னால் வந்து நின்று பார்த்தாள். "வெறும் பெட்டியோடு அனுப்ப முடியாது, ஜெனோஜா. நன்றாக இருக்காது."

"நன்றாக இல்லைத்தான்" என்றாள் ஜெனோஜா. சவிரிமுத்து சொல்லிவிட்ட அழைப்பையும் கீழே சேர்த்து, ஜைல்ஸ் வைட்மோருக்கு அதை அப்படியே அனுப்பினாள்.