ஒரு ஜாண் குறைந்த கோடாலி

அறுபத்தெட்டாம் வருசம் பிள்ளையார்பாளையம் சாயப்பட்டறையில விறகு பொளந்துக்கினு இருந்தேன். விறகு தடிதடியா இருந்தா அடுப்பு சீரா எரியாது, பட்டுல சாயம் திட்டுத்திட்டா ஏறும். பழி என் தலையில விழும்.

அதான் இரும்புக்கடையில இருந்ததுலயே வெல ஒசந்த கோடாலிய எடுத்துச் சுண்டிப் பார்த்தேன். கணீர்னு சத்தம் வந்துச்சு. வாங்கிட்டேன்.

மறுநாள் புளியங்கட்டையில போட்டா, பொளக்காம துள்ளித் துள்ளி வெலகுது. கூட வேலை செய்யற எங்க வூட்டுக்காரரு சிரிச்சாரு.

"காசைக் கரியாக்கிட்டியே கங்கா! திருப்பிக் குடுத்துடு."

எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. இரும்புல கொறை இல்ல. வாய் தீட்டாம மொக்கையா இருக்குது, காம்போ எவனோ நெட்டைக்காரனுக்குப் போட்டது. ரெண்டு நாள் வாயைக் கல்லுல தண்ணி விட்டுத் தேய்ச்சேன். காம்புல ஒரு ஜாண் அறுத்துத் தள்ளினேன்.

மூணாம் நாள் அதே புளியங்கட்டை ஒரே போடுல ரெண்டாச்சு. அன்னிக்கு அரக்குச் சாயம் ஒரு திட்டு இல்லாம ஏறுச்சு.

சாயங்காலம் அவரே வந்து கோடாலியக் கேட்டு வாங்கினாரு. நாலு போடு போட்டுட்டு இடுப்பைப் பிடிச்சுக்கினாரு.

"இன்னா கங்கா, காம்பு இவ்ளோ குட்டையா இருக்குது?"

"எனக்கு அளவாத்தான் இருக்குது. உனக்கு வேணும்னா குனிஞ்சு பொளய்யா."